ரஷ்யாவுக்குப் போகாத பொம்மை

அண்ணன் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறேன் என்று பதினைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா மாயாண்டி, பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னார். மரணச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கேட்டார்கள் என்று அப்பாவின் படம் போட்ட அடையாள அட்டையை, அந்த ஐ.சி.யை, அன்றே கொடுத்துவிட்டாராம்.

மகள் தேவமலர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். வீட்டில் அப்பாவின் முகம் தெரிகிற படம் அது ஒன்றுதான். அப்பா காளிமுத்து கேமராவைக் கண்டால் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுகிற ஆள். காதுதான் காரணம். தலையை விட்டுத் தனியே புறப்படப் போவதுபோல இரண்டும் விரிந்து நிற்கும். கல்யாணப் படத்தில்கூடத் தலைப்பாகையைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டார். அதில் இருப்பது தலைப்பாகை மட்டுமே.

"கவர்மெண்ட் கேட்டா குடுக்காம இருக்க முடியுமா லா?" என்றார் சித்தப்பா, நாலாவது முறையாக.

"மொகம் இல்லாம யாருக்கு தம்பி படைக்கிறது?" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் படைத்த பிறகுதான் சோறு தின்பேன் என்று பதினாறு நாளாகக் காப்பியிலும் ரொட்டியிலும் இருப்பவள்.

கோழிக்கறி, சுருட்டு, ஸ்டவுட் பீர் எல்லாம் வந்திருந்தன. ஆள்தான் இல்லை. பெம்பான் ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் பசியோடு கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்துபோய் டிவி மேலிருந்த பொம்மையை எடுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

தேவமலர் வேலை செய்யும் பொம்மைத் தொழிற்சாலைச் சரக்கு அது. ரஷ்யாவில் பழைய கார்ட்டூன் ஒன்றில் வரும் பிராணியாம். குரங்கா கரடியா என்று சூப்பர்வைசர் ஜோனிட்டாவுக்கே தெரியாது. பழுப்பு உடம்பு, திகைத்த கண்கள், தலையளவுக்கு இரண்டு காதுகள். ஒரு நாளைக்கு இருநூறு ஜோடிக் காது தைப்பதுதான் தேவமலரின் வேலை. கைப்பகுதியில் தையல் பிசகிய ஒன்றை, ரஷ்யாவுக்குக் கப்பலேறாது என்று ஜோனிட்டா கொடுத்துவிட்டிருந்தாள். அத்தனை காது தைத்தும் அவை யாருடையவை என்று தேவமலருக்குத் தோன்றியதே இல்லை.

"அண்ணி, இது என்னா கூத்து? ஊரு சிரிக்கும்" என்றார் சித்தப்பா.

ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. ராமாத்தாள் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "எங்கண்ணனேதான். ஏச்சு வாங்கறப்ப இப்பிடித்தான் முழிக்கும்."

அம்மா யாரையும் பார்க்கவில்லை. பொம்மைக்குத் திருநீறு பூசி மாலையைப் போட்டாள். மாலை காதில் மாட்டிக்கொண்டு கழுத்துக்கு இறங்க மறுத்தது.

எடுத்துவிடுவதற்காகச் சித்தப்பா கை நீட்டினார். கை பாதியில் நின்றது. பொம்மையின் இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணனுக்கு எடது காது இவ்ளோ நிமிந்திருக்காது அண்ணி" என்றார். "நுனி மடங்கி இருக்கும். சின்னதுல நான் புடிச்சு இழுத்தது."

தேவமலர் ஊசி நூலோடு வந்து உட்கார்ந்தாள். சித்தப்பா காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். அம்மா விளக்கை நகர்த்திவைத்து, சூடு ஆறாமல் இருக்க, கறியின்மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்து மூடினாள்.