ஆட்டுக்குட்டிப் பக்கம்

விடியும் முன்பே வந்துவிட வேண்டும். பள்ளிக் கழிவறையை ஒட்டிய சாமான் அறைதான் எங்கள் வகுப்பு. உடைந்த பெஞ்சுகளை மூன்று பேரும் சேர்ந்து வெளியே தூக்கிப் போட்டு, எலிப் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, ஃபினாயில் ஊற்றித் தேய்த்தால்தான் ஆறரைக்குப் பாய் விரிக்க முடியும். பள்ளி மணி அடித்ததும் பெஞ்சுகளைத் திரும்ப உள்ளே அடுக்க வேண்டும். இரும்புக் கால் கிழித்த விரலை வாயில் வைத்தால் துருவும் ரத்தமும் ஒரே ருசி.

நாங்கள் ஒப்பந்த ஆசிரியர்கள். நான், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடியக்கா, முன்பு பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை ஐந்தைந்து பேராக எங்களிடம் தருவார்கள். ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு வாயையும் பார்க்கலாம். எந்த எழுத்தில் நாக்கு இடறுகிறது என்று தெரியும். போன வருஷம் ஐந்து, பதினான்கு ஆனது. அறை வளரவில்லை.

வருஷக் கடைசியில் சோதனை. எப்போதும் ஒரே பக்கம்: மழையில் வழி தவறிய ஆட்டுக்குட்டி. நிறுத்தாமல் வாசித்தால் பிள்ளை தேறியது. பதினான்கு பேருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க நேரமில்லை. ஆட்டுக்குட்டியை மனப்பாடம் செய்யவைக்க நேரம் இருந்தது. எங்களை ஒப்பந்தத்தில் எடுத்த மேனேஜர் சொன்னார், செய்தோம். பிள்ளை திக்கினால் அடுத்த சொல்லை உதட்டால் காட்டிக்கொடுக்கும் வித்தையை மற்ற இருவருக்கும் சொல்லித்தந்தவள் நான்.

இந்த வருஷச் சோதனைக்கு நான்கு நாள் இருக்கையில், பாட்டில் கழுவும் ஆலையில் இரவு வேலை முடித்து ஒரு தாய் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

"நீங்கதானே டீச்சர் இவ தேறிட்டான்னு கையெழுத்துப் போட்டீங்க? ஆறாங்கிளாஸ்ல தினம் வாசல்ல நிக்க வெக்கிறாங்க. ஒரு வரி படிக்கத் தெரியலையாம். மறுபடி இங்கயே உக்கார வைங்க."

"தேறின பிள்ளைக்கு இங்க இடமில்லம்மா." அது என் குரல்தான்.

"அப்ப தேறலைன்னு எழுதுங்க. அதுல என்ன கஷ்டம்?"

புத்தகத்தை எடுத்தேன். ஆட்டுக்குட்டியைத் தாண்டி, கப்பல் படம் போட்ட பக்கத்தை மகள் முன் விரித்தேன். சிறுமி முதல் வரியில் விரல் வைத்தாள். "மழை வந்தது. ஆட்டுக்குட்டி வழி தவறியது..." கப்பலுக்குக் கீழே விரல் ஒழுங்காக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்று, என் உதட்டைப் பார்த்தாள்.

புத்தகத்தை மூடினேன்.

கண்டக்டர் சொன்னார்: "பாதி வழியில இறக்கிவிட்டுட்டு, ஊர் வந்துருச்சுன்னு நான் யாரையும் ஏமாத்தினதில்ல."

"இப்ப ஏமாத்தியிருக்க தம்பி," என்றாள் கண்ணாடியக்கா. "நாம மூணு பேரும்தான்."

மூன்று விடியல்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் கப்பல் பக்கத்தை வாசிக்கச் சொன்னோம். வாசித்தது ஒன்பது பேர். ஒவ்வொரு பிள்ளையின் முடிவையும் தனித்தனித் தாளில் எழுதினோம். எந்தத் தாளை எங்களில் யார் எழுதியது என்று பிரித்து எடுத்து ஒருத்தரை மட்டும் வேலையை விட்டு அனுப்ப முடியாதபடி, எல்லாத் தாளிலும் மூன்று கையெழுத்து. நாற்பத்து மூன்றாவது தாளில் அந்தச் சிறுமியின் பெயரை எழுதினேன்: 'தேறவில்லை.'

மேனேஜர் வாசலிலேயே நின்றார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

"வெறும் ஒம்பதா? நாளைக்குக் காலைல சோதனை பாக்கப் பெரிய ஆபீசருங்க வர்றாங்க. மாத்தி எழுதுங்க."

"மறுபடி அஞ்சு அஞ்சு பேராக் குடுங்க சார். தானா மாறும்," என்றாள் கண்ணாடியக்கா.

"இது யார் கிளப்பிவிட்டது?"

"கையெழுத்து இருக்கே சார், படிச்சுப் பாருங்க," என்றார் கண்டக்டர்.

"மூணு பேரையும் அனுப்பிட்டா வேற ஆள் கிடைக்காதா?"

"கிடைப்பாங்க. அவங்ககிட்டயும் இதே வாசல்ல நின்னு பேசுவோம்," என்றாள் கண்ணாடியக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். "போன வருஷம் மட்டும் எல்லாரும் எப்படிம்மா தேறினாங்க?"

"பொய் எழுதினேன் சார். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மறுநாள் விடியலில் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. "பெஞ்சு தூக்குற வேலை மிச்சம்," என்றார் கண்டக்டர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு எல்லோருக்கும் வந்தது. வருகிறவர்கள் தாண்டியே ஆகவேண்டிய நடைபாதையில் பாய் விரித்தோம். பாட்டில் ஆலைத் தாய் இன்னும் எட்டுத் தாய்மாரைக் கூட்டி வந்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால் சுவர் போல உட்கார்ந்தார்கள்.

நடுவில் சிறுமி. மடியில் கப்பல் பக்கம்.

"க..." என்றாள். நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கண்ணாடியக்காவும் மூடிக்கொண்டாள், கண்டக்டரும். அவளுடைய தாய் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை.

சிறுமி என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தாளில் வைத்தாள். விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.