ஈர மணல்

ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்து கத்துகிறவர்களைவிட அதன் தண்டவாளம் போடுகிற சத்தம்தான் அதிகம். சக்கரம் ஓடும்போது இரும்பு அதிர்கிறது. தண்டவாளத்தைத் தாங்கி, அடியில் முதுகெலும்புபோல் ஒரு பெரிய குழாய் கூடவே போகும். அது உருண்டையாக இருந்தால் அதிர்வு ஓரளவு அடங்கும். வளைந்த தகடு லேசில் நெளியாது. பெட்டிபோல் நாலு பக்கமும் தட்டையாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு மேளத்தோல். இந்தப் பூங்காவில் இருப்பது பெட்டி. வண்டி இறங்கும்போதெல்லாம் எதிர்த் தெரு ஜன்னல்கள் நடுங்கின.

இதற்கு வைத்தியம் மணல். பெட்டிக்குள் நிரப்பிவிட்டால், அதிர்வு வரும்போது துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். வெளியே சத்தமாகப் போக வேண்டியது உள்ளேயே சூடாகித் தீர்ந்துவிடும். ஆனால் மணல் வறுத்ததுபோல் உலர்ந்திருக்க வேண்டும். கையில் அள்ளினால் ஒட்டாமல் வழிய வேண்டும்.

சத்தத்தை அளந்து குறைப்பது என் வேலை. மணல் நிரப்புகிற வேலையைக் கொழுந்தனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவன் தொட்டது எதுவும் அதுவரை துலங்கியதில்லை. இதுவாவது துலங்கட்டும் என்று பூங்கா மேனேஜரிடம் பேசினேன். நிரப்பி முடித்த அன்று ரப்பர் சுத்தியலால் பெட்டியைத் தட்டிக்கொண்டே போனேன். அரிசி நிறைந்த பானைபோல் டொப், டொப் என்றது. வண்டியை ஓட்டிப் பார்த்தோம். இடி கேட்ட இடத்தில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் மிச்சம்.

மழைக்காலம் வருவதற்குள் எதிர்த் தெருக்காரர்கள் மறுபடி புகார் செய்தார்கள். முதல் இறக்கத்தில் பழைய இடி திரும்பியிருந்தது. காலையில், வண்டி ஓடத் தொடங்கும் முன், பக்கத்துப் படிகளில் ஏறித் தட்டினேன். கீழே டொப். உச்சிக்குப் பக்கத்தில் டங்.

மணல் இறங்கியிருக்கிறது. உலர்ந்த மணல் இவ்வளவு இறங்காது. ஈர மணல்தான் ஏமாற்றும். நடுவில் நிற்கும் தண்ணீர் துகள்களைப் பிடித்துக்கொண்டு அமுங்க விடாது. கொஞ்சம் போட்டாலே நிறைந்ததுபோல் நிற்கும். வண்டி ஓடி ஓடிக் குலுக்கியதும் பொத்தென்று உட்கார்ந்துவிடும்.

இறக்கத்தின் அடியில், மணலை வெளியேற்றுவதற்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு திருகு மூடி உண்டு. ஸ்பேனரை வைத்தேன். கொழுந்தன் ஓடி வந்தான்.

"அண்ணி, அதை ஏன் தொடுறீங்க? கை கிழிஞ்சுடும்."

"திறந்தா என்ன வரும்?"

"மணல்தான் வரும். பின்ன என்ன, பன்னீரா வரும்?"

முதலில் கொட்டாவி விட்டதுபோல் ஒரு காற்று வந்தது. செத்த எலியை ஈரத்துணியில் சுற்றி வெயிலில் வைத்த வாடை. பின்னாலேயே கறுப்புக் கூழ், நூல்நூலாகப் பாசி, ஒரு மீன் முள், ஊறிப்போன டயப்பர் கிழிசல். கூழ் என் சட்டைக் கைக்குள் வழிந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"படகுக் குளத்தைத் தூர் வாரினாங்கள்ல, அண்ணி. அந்தச் சேறு சும்மா கிடந்துச்சு. உள்ள போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

துளைக்குள் விரலை விட்டுச் சுரண்டினேன். துரு காய்ந்த சருகுபோல் அடுக்கடுக்காக உரிந்து வந்தது. வெளியே நீலச் சாயம் பளபளத்தது. உள்ளே தகடு எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்தால்தான் தெரியும். அந்தத் தகட்டை நம்பித்தான் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் தலைகுப்புற இறங்குகிறார்கள்.

"மேல ரெண்டு கூடை கொட்டினா சத்தம் போயிடும்," என்றான். "நீங்க சத்தத்துக்குத்தானே வந்தீங்க? துருவைப் பாக்க வேற ஆள் இருக்கான். இது வெளிய தெரிஞ்சா எனக்கு இனிமே குப்பை அள்ளக்கூட எவனும் வேலை தரமாட்டான்."

மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"வண்டியை நிறுத்துங்க," என்றேன். "உள்ள அரிச்சிருக்கு."

"முதல்ல மூடியைப் போடுங்கம்மா. கேட்டைத் திறந்தாச்சு, வரிசை இந்தப் பக்கம்தான் வரும்."

"தகடு..."

"தகட்டை சீசன் முடிஞ்சு பாக்கலாம். நாத்தத்துக்கு வாசனை மெஷின் வெச்சுடுவோம். ரோஜா, மல்லிகை, எல்லாம் கிடைக்குது."

"எலுமிச்சை இன்னும் தூக்கலா இருக்கும் சார்," என்று கொழுந்தன் சிரித்தான். உயிர் திரும்பிய சிரிப்பு.

மூடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பாதை தாழ்கிற இடத்திலெல்லாம் இதே மாதிரி ஒரு மூடி உண்டு. அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, சொன்னா கேளுங்க. நம்ம வீட்டு மானம்."

"இதோ ஒழுகுது பார். ஏந்திக்கோ."

கடைசி மூடி வரிசை நிற்கிற இடத்தை ஒட்டி இருந்தது. கூழ் கம்பி வேலிக்கு அடியில் ஊர்ந்து செருப்புகளைத் தேடிப் போனது. "யாருப்பா விட்டது?" என்று ஒரு குழந்தை கேட்டது. அதன் அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாந்திதான் வந்தது. இடிச் சத்தத்தை ரசித்தபடி காத்து நிற்கிற கூட்டம் நாற்றத்துக்கு ஒரு நிமிஷம் நிற்கவில்லை. முதல் வண்டி ஆளில்லாமல் நின்றது. மேனேஜர் என்னைத் திட்டிக்கொண்டே கேட்டைப் பூட்டினார். தகட்டின் கனத்தை அளக்கிறவர்கள் வந்து சொல்லும்வரை ஓட்டம் இல்லை என்று தன் கையாலேயே பலகையும் மாட்டினார்.

ராத்திரி வீட்டில் சோப்புப் போட்டுப் போட்டுக் குளித்தும் வாடை நகக்கண்ணில் இருந்தது. வெளியே வந்தபோது என் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"தம்பி ஃபோன் பண்ணினான், அழறான். ஒரு சின்ன விஷயத்தை ஊரைக் கூட்டிப் பெருசாக்கிட்டியாமே."

கைப்பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க, சின்ன விஷயமான்னு."

குனிந்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்க எழுந்து போனார்.