அதே ஊசி

டேப்லட் திரையில் வந்த உடைந்த ஊசியை வினிதாவுக்கு நன்றாகத் தெரியும். முனை வலப்பக்கம் வளைந்திருந்தது. ஓரத்தில் அவளுடைய மருதாணி விரல். செவ்வாய்க்கிழமை அவளே எடுத்த படம். இன்று வெள்ளி. பதினேழாவது முறையாக அது வந்திருந்தது.

வீரபாண்டிப் பக்கம் கைக்குழந்தை பனியன் தைக்கிற கம்பெனி அது. தர சோதனை வினிதாவின் வேலை. ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி. அதுவரை தையல் லைன் முழுக்க நிற்கும். போன மாதம் நோட்டு போய்ச் செயலி வந்தது. துண்டுகளைப் படம் எடுத்து ஏற்றினால் போதும்.

கல்லூரியில் அவள் படித்ததைவிடப் போனில் விளையாடியதே அதிகம். ஒரு விளையாட்டில் ஒரே சாவியால் நூறு பெட்டி திறந்திருக்கிறாள். நாம் சொல்வதைப் போன் அப்படியே நம்பும். சாவி ஏற்கெனவே பயன்பட்டதா என்று சரிபார்க்காது. இந்தச் செயலியும் அதே அசடுதான் என்று கண்டுபிடித்தவள், மேனேஜர் மகுடேஸ்வரனை லைனுக்கே கூட்டிவந்து, தையல்காரர்கள் நாற்பது பேர் பார்க்க, பழைய படத்தையே ஏற்றிப் புது ஊசி வாங்கிக் காட்டினாள்.

"பாருங்க சார், ஏமாந்துருச்சு!"

"கெட்டிக்காரிதான் கண்ணு. செயலி செஞ்சவங்ககிட்டச் சொல்லிக்கலாம்," என்று சிரித்தார். ஆனால் சொல்லவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நாற்பது பேரும் கற்றுக்கொண்டார்கள்.

"அமராவதியக்கா, உங்க ஊசி முனை எங்கீங்க?" பதினேழாவது படத்தை ஏற்றியவளிடம் போய்க் கேட்டாள் வினிதா.

தையல் மெஷினில் இருந்தவள் நிமிரவில்லை. "தேடுனேன் கண்ணு, கெடைக்கல. லைன் நின்னா அத்தன பேரும் என்னையத்தான திட்டுவாங்க? அதான் நீ காட்டுனாப்பலயே..."

வினிதா வாசலுக்கு ஓடினாள். பெட்டிகள் லாரியில் ஏறியிருந்தன. பக்கத்தில் மகுடேஸ்வரன் நின்றார்.

"சார், அனுப்பாதீங்க. முனையெல்லாம் எந்தத் துணில இருக்குதுன்னே தெரியலீங்க."

"ஊசி இருக்குதான்னு பாக்கற மெஷின்ல விட்டுத்தான கண்ணு பெட்டி கட்டுறோம்?"

கடுகைவிடச் சின்ன முனைக்கு அந்தச் சோதனை மெஷின் கத்தாது. இருவருக்கும் தெரியும்.

"சிஸ்டத்துல எல்லாம் பச்சையா இருக்குது. அப்பறம் என்னங்கறே?"

லாரி கேட்டைத் தாண்டியது. அளவு பார்க்க எடுத்துவைத்த ஒற்றைப் பனியன் மேசையில் கிடந்தது, அவள் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக. அதை எடுத்து, கண்ணை மூடி, தையல் தையலாகத் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் குத்தவில்லை. மறுபடி அழுத்தினாள்.

டேப்லட் மணி அடித்தது. அதே ஊசி, ஓரத்தில் அவளுடைய மருதாணி விரல். பக்கத்தில் பச்சை எரிந்தது.