முதல் வரியில் பெரியவர்

1.

அன்று பிற்பகல் மருத்துவ ஆய்வகத்தின் மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள் நால்வர்: என் தம்பி மகள், அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி, புள்ளியியல் துறைத் தலைவர், குழந்தை மருத்துவர். நான் அங்கே இல்லை. எங்கள் சம்பந்தி அம்மாளும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் போன் செய்து, "உங்க வீட்டுப் பொண்ணு மருந்துக் கணக்கையே மாத்தி ஏமாத்திட்டாளாமே?" என்று கேட்டவர் அவர்தான். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. (கோபத்தில் பிறந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். கோபத்தில் எனக்குக் கையெழுத்து கோணுகிறது.)

2.

முதல் தொடக்கம்: 'கணினி என்பது ஒரு நன்றிகெட்ட...' வேண்டாம். திருப்பிப் பேசாததைத் திட்டுவதில் என்ன வீரம்?

இரண்டாவது தொடக்கம்: புதிய காய்ச்சல் மருந்தையோ, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சர்க்கரைத் தண்ணீரையோ கொடுத்த முந்நூறு குழந்தைகளின் பதிவுகள் என் தம்பி மகளிடம் இருந்தன. மருந்து பிரமாதம் என்று போன வாரமே அறிக்கை கொடுத்துவிட்டாள். நான்கு மணிக்குக் கூட்டம். அந்த அறிக்கையை வெளியிட மருத்துவர் ஒப்புதல் கேட்கப்போகிறார். இரண்டு மணிக்கு, மனசு கேட்காமல், ஒரு வார்டின் பத்துத் தாள்களை எடுத்துக் கையால் கூட்டிப் பார்த்தாள். ஒத்துவரவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் மேசைக்காரி.

"பேய் இல்லடி, பூஜ்யம். மருந்து குடிச்ச மூணு குழந்தைங்களுக்குக் காய்ச்சல் எவ்வளவு நேரம் இருந்ததுன்னே எழுதலை. கம்ப்யூட்டர் அதையெல்லாம் பூஜ்யம்னு சேத்துக்கிட்டிருக்கு. மருந்தைக் குடிச்ச அடுத்த நொடியே காய்ச்சல் ஓடிடுச்சாம்!"

3.

அவள் எழுதும் புள்ளியியல் மொழியில் அவரவர் செய்த கருவிகளைத் தொகுப்பாகக் கட்டி வைக்கலாம். தலைவரின் தொகுப்பில், எண்களைக் கூட்டிச் சராசரி சொல்ல 'சுருக்கு' என்றொரு கட்டளை. எழுதாமல் விட்ட கட்டங்களை அது ஒதுக்கிவிடும். படம் வரைய அவள் புதிதாகச் சேர்த்த தொகுப்பிலும் ஒரு 'சுருக்கு'. அது அவற்றைப் பூஜ்யமாக்கும். நிரலின் தொடக்க வரிகளில் தொகுப்புகளை ஒவ்வொன்றாக அழைக்க வேண்டும். ஒரே பெயரில் இருவர் வந்தால், பின்னால் அழைக்கப்பட்டவர் முன்னால் வந்தவரை மறைத்துவிடுவார். அதையும் இயந்திரம் தினமும் சிவப்பு எழுத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தினமும் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

"தலைவரோடதைக் கடைசியில வச்சிருந்தா தப்பிச்சிருப்பியே. ஏன்டி முதல் வரியில வச்ச?"

"பெரியவரைக் கடைசியிலயா கூப்பிடறது? எங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்."

[இந்த வரியை மூன்று முறை நீக்கினேன். மேசைக்காரிதான் வரிசையைக் குலைத்தாள் என்று ஒரு பிரதியே எழுதினேன். எங்கள் வீட்டு மானம் தப்பித்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் தலை உருண்டது. கிழித்துப் போட்டேன். அந்தப் பெரியப்பா நான்தான். கடித உறையோ சாப்பாட்டு மேசையோ, எங்கள் வீட்டில் மூத்தவர் முதலில். நாற்பது வருடமாக அது என் சட்டம்.]

4.

திருத்த ஒரு நிமிடம்தான் ஆயிற்று. நாம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துப் போடுவதுபோல, 'சுருக்கு'க்கு முன்னால் அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று எழுதினாள். மீண்டும் ஓட்டினாள். மருந்துக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

மேசைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "யாரும் பாக்கலை. கூட்டம் முடியட்டுமே?"

"குழந்தைங்க குடிக்கப்போற மருந்துடி."

நான்கு மணிக்கு மற்ற இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். "சார், போன வாரம் நான் குடுத்தது தப்பு. மருந்து வேலை செய்யலை. தப்பு என்னோடது. தலைவர் சாரோட தொகுப்பை முதல் வரியில வச்சதுல அதோட 'சுருக்கு' மறைஞ்சுபோச்சு."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு வருஷ உழைப்பும்மா," என்றார்.

தலைவர்தான் கடைசியில் வாய் திறந்தார். "என்னைக் கடைசியில கூப்பிட்டிருந்தா நான் கோவிச்சுக்கிட்டிருக்க மாட்டேன்மா."

யாரும் சிரிக்கவில்லை.

5.

முடிவு? அவளுக்குப் பதவி உயர்வு என்று ஒரு பத்தி எழுதினேன், இனித்தது, அடித்தேன். வேலை போயிற்று என்று இன்னொன்று. பேனா நகர மறுத்தது. விசாரணை திங்கட்கிழமை. என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். அவளை அந்த வேலையில் வைத்துக்கொள்வீர்களா என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சம்பந்தி அம்மாள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. அவள் கணக்கை மாற்றி ஏமாற்றினாள் என்பது பொய். தப்பைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், சொன்னவளும் அவள்தான். பெரியவரை முதலில் வைக்கச் சொன்னது நான்.