தலைவி பேசியதாவது

மறுபடியும் டீம் சட்டையின் நிறம் மாறப் போகிறது. இந்த ஆள் பச்சைதான் கேட்பான். விற்கிற மனைக்கெல்லாம் பச்சைக் கொடி நட்டு வைத்திருப்பவன் வேறென்ன கேட்பான்? லாரிக்காரர் கொடுத்த சிவப்பு, முதல் தோய்ப்பிலேயே வாளித் தண்ணீரை ரத்தமாக்கியது. மில்காரர் காலத்து மஞ்சளாவது சாயம் போகாமல் உழைத்தது.

டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி கண்ணகி நினைத்துக்கொண்டாள். கூடத்தில் அவள் கணவர் நாராயணசாமி, பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் மனை வியாபாரி பொன்னுரங்கம். எல்லாம் சரிப்பட்டால், நாராயணசாமி ஆரம்பித்த கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் மூன்றாவது முதலாளி.

முதலாமவர் ரைஸ்மில் சடையன். நெல் வியாபாரம் படுத்த வருஷம் அவர் கழன்றுகொண்டார். அடுத்து வந்த உளுந்தூர்பேட்டை லாரிக்காரர் வீரமுத்து, தன் மகன் ஆடுகிறவரைக்கும் வந்தார். மகன் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனதும் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு முதலாளி போகும்போதும் கழகம் மூட்டை முடிச்சோடு இவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். வலை குளியலறைக் கொடியில் தொங்கும், பந்துகள் அரிசிக் குதிருக்குப் பின்னால் உருளும். கண்ணகியின் வளையல் இரண்டு தடவை அடகுக்குப் போய் ஒரு தடவைதான் திரும்பி வந்தது.

இதில் வேடிக்கை, கழகத்தின் தலைவி கண்ணகிதான். அரசு வேலையில் இருப்பவன் பெயர் இருந்தால் தொல்லை வரும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொல்லிவிட, நாராயணசாமி பதிவுப் பத்திரத்தில் மனைவியின் பெயரைப் போட்டுவிட்டார். பந்தைக் காலால் தொட்டுக்கூடப் பார்க்காதவள். பொதுக்குழு ஒருநாளும் கூடியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அவர் முகச்சவரம் செய்தபடி சொல்லச் சொல்ல, கண்ணகி தன் உருண்டைக் கையெழுத்தில் தீர்மான நோட்டில் எழுதுவாள். ‘இளைஞர்களின் ஒழுக்கத்துக்குக் கால்பந்தே அருமருந்து என்று தலைவி வலியுறுத்தினார். பலத்த கைதட்டல்.’

“இத நான் எப்பங்க பேசினேன்?” என்று ஒரு முறை கேட்டாள்.

“கேட்டிருந்தா பேசியிருப்ப இல்ல?” என்றார் நுரைக்குள்ளிருந்து.

வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அவள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்ததுண்டு. அதற்குள் ஒருத்தி எழுந்து நின்று பேசுகிறாள், பதினேழு பேர் கேட்கிறார்கள். அவள் மேல் கண்ணகிக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

“அக்கா, இந்தாளாவது ஷூ வாங்கிக் குடுப்பாரா?” அடுப்பங்கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செவ்வந்தி கேட்டாள். “என்னுது வாயப் பொளந்துக்கினு நிக்குது.”

“உன் வாய விடவா? மொதல்ல அவர் டீயக் குடிக்கட்டும்டி.”

செவ்வந்தி பெண்கள் அணியின் கோல்கீப்பர். இரண்டு வருஷமாக அவளும் மற்றப் பெண்களும் சனிக்கிழமை பஸ்ஸில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி, இந்தக் கூடத்திலேயே படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. அங்கே தேறினால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரிச் சீட்டு உண்டு. பதிவான கழகத்தின் பெயர் இல்லாமல் அந்த மைதானத்தில் கால் வைக்க முடியாது.

கண்ணகி டீயைக் கொண்டுபோய் வைத்தாள்.

“வாங்க தலைவரம்மா,” என்றார் பொன்னுரங்கம். “சார்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன். பசங்க டீம் ஒண்ணு போதும். பொம்பளப் புள்ளைங்களுக்குப் பஸ்சு, சாப்பாடு, தொணைக்கு ஆளு, செலவு ஜாஸ்தி, பேரு கம்மி. அத எடுத்துட்டு ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்க. திங்கக்கெழமையே நான் பொறுப்பேத்துக்கிறேன்.”

நாராயணசாமி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, “கண்ணகி, அந்த நோட்ட எடுத்துக்கினு வா,” என்றார்.

எடுத்து வந்தாள். தேதி எழுதினாள், இடம் எழுதினாள், பதினேழு உறுப்பினர்களையும் தாளிலேயே வரவழைத்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்: “தலைவி பேசியதாவது. கழகத்தின் நலன் கருதி மகளிர் அணியைக் கலைத்துவிடத் தலைவியே முன்மொழிந்தார்.”

பேனா நின்றது.

“நானா?”

“நீங்க சொன்னாத்தான் அழகு,” என்றார் பொன்னுரங்கம். “பொம்பள டீம பொம்பளயே வாணாம்னுட்டா எவன் கேக்கப் போறான்?”

அடுப்பங்கரையில் கத்தியின் சத்தம் அடங்கியிருந்தது. கண்ணகி கணவரைப் பார்த்தாள். கெட்டவரில்லை. அந்தப் பெண்களைத் தேடி ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறியவரும் இவர்தான். கையில் காசுள்ளவன் முன்னால் மட்டும் இப்படி நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த நுனியைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அலுத்துவிட்டது.

“நீ எழுதலன்னா கிளப்பே இல்ல கண்ணகி,” என்றார் தணிந்த குரலில். “இவரும் போயிட்டா ரெண்டு டீமும் நடுத்தெருவுலதான் நிக்கும்.”

அது உண்மை. ஆனால் நோட்டுக்குள் இருந்தவள் இதுவரை யாருக்கும் கெடுதல் பேசியதில்லை. செவ்வந்தியை வெளியே அனுப்பிவிட்டு அந்தத் தலைவி கைதட்டல் வாங்குவதைக் கண்ணகியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“நான் இப்படிப் பேசலீங்க.”

“அட, நீ எந்தக் கூட்டத்துலதான் பேசின?” நாராயணசாமிக்குச் சலிப்பு வந்துவிட்டது. “இங்க குடு, நானே எழுதிக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு.”

அவள் நோட்டை அவர் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“எழுதிக்குங்க,” என்றாள். “கையெழுத்து போட மாட்டேன்.”