விழும் கரடிக்கு மருந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிலிப் தீவில் குழாய் வேலை பார்க்கிறேன். அடைப்பு எடுக்கப் போன வீட்டில்கூட யாரையாவது வம்புக்கு இழுக்காமல் திரும்பியதில்லை. அதனால்தான் அன்று காலை என் மனைவி டெனீஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இரு ரஸ். அந்தப் பையன் மிரண்டுபோய் ஊருக்கு விமானம் ஏறினான்னா, உன் தங்கச்சியும் கூடவே ஏறிடுவா."

அவள் சொன்னது நியாயம்தான். என் தங்கை பிரான்வின் கட்டிக்கொள்ளப் போகிற எட்மண்ட் இங்கிலாந்துக்காரன், கணக்கு வாத்தியார். எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒத்துக்கொண்டால் இருவரும் இங்கே. இல்லையென்றால் அவன் ஊரான லீட்ஸ். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். பகலில் கோலா, பொழுது சாய்ந்ததும் பென்குயின் என்று தீவைக் காட்டி அவனை மடக்கிவிடலாம் என்பது என் திட்டம். உள்ளுக்குள் பயம். பயந்தால் என் வாய் இன்னும் நீளும்.

பகலில் நான், பிரான்வின், எட்மண்ட் மூவரும் கோலா பார்க்கப் போனோம். யூகலிப்டஸ் மரத்துக் கிளை இடுக்கில் ஒரு கோலா சுருட்டி வைத்த கம்பளி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. எட்மண்ட் வாயைப் பிளந்து பார்த்தான்.

"ஐயோ, எவ்வளவு சாது!"

"இது சாதுதான் மாப்ளே," என்றேன். டெனீஸ் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. "இதோட பெரியண்ணன் ஒண்ணு இருக்கு. விழும் கரடி. உள்ளூர்க்காரனைத் தொடாது. வெளியூர்க்காரன் வாசனை வந்துச்சோ, மரத்துலேருந்து நேரா மண்டையில குதிக்கும்."

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் இந்தக் கதையை விடுவது வழக்கம். பக்கத்தில் நிற்கிற உள்ளூர்க்காரர் எவரும் சிரித்துக் காட்டிக்கொடுக்க மாட்டார். பிரான்வினும் கவலையாக மரத்தைப் பார்த்தாள்.

"அதுக்கு மருந்து ஏதாவது உண்டா?" என்றான் எட்மண்ட்.

"காதுக்குப் பின்னாடி வெஜிமைட் பூசிக்கணும்."

ரொட்டிக்குத் தடவக் கொண்டுவந்த டப்பாவை நீட்டினேன். அந்தக் கறுப்புப் பசையை வழித்து இரண்டு காதுக்குப் பின்னாலும் பூசிக்கொண்டான். நாயைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாராளமா பூசுப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். அலையிலிருந்து குட்டிப் பென்குயின்கள் கூட்டமாக ஏறி வந்தன. ஒன்று நின்றால் எல்லாம் நின்றன. ஒன்று நடந்தால் எல்லாம் தத்தித் தத்தி நடந்தன.  பிடித்திருக்கிறதா இல்லையா என்று எட்மண்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒழுங்காகச் சும்மா இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிரான்வின் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கப் போனாள். அவளை வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று, வண்டி நிறுத்துமிடத்தில் எட்மண்ட் தன் வாடகைக் காரில் ஏறிச் சாவியைப் போட்டான்.

"மாப்ளே, கிளப்பாதே! அடியில பென்குயின் இருக்கான்னு முதல்ல குனிஞ்சு பாரு."

சிரித்தான். "போதும் ரஸ். ஒரு நாளைக்கு ஒரு கரடி போதும்."

"இது நிஜம்டா! இங்க எல்லாரும் பார்த்துட்டுத்தான் எடுப்போம்."

"கரடியும் நிஜம்னுதானே சொன்னீங்க?"

என்ஜின் உறுமியது.  வண்டி முன்னால் ஈரச் சரளையில் தொப்பென்று விழுந்து படுத்தேன். பின்சக்கரத்தை ஒட்டி, சொந்த வீட்டில் இருப்பது போல, ஒரு பென்குயின் உட்கார்ந்திருந்தது.

"அணைடா! இருக்குடா!"

அணைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் குப்புறப் படுத்தான். "அடப்பாவி, நிஜமாவே இருக்கு," என்றான். 

"கரடி பொய்னு எப்போ தெரிஞ்சுது?"

"பிரான் முன்னாடியே சொல்லிட்டா."

"அப்புறம் எதுக்குடா பூசிக்கிட்டே?"

"பிடிக்காதவங்ககிட்ட எங்கண்ணன் வாயே திறக்க மாட்டான், உன்னைக் கிண்டல் பண்ணினா வீட்டு ஆளா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம்னு சொன்னா. காலையிலேருந்து காத்துக்கிட்டிருந்தேன். அந்த டப்பாவை நீட்டினீங்க பாருங்க, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அவன் காதுக்குப் பின்னால் காய்ந்து ஒட்டியிருந்த கறுப்புப் பசையைப் பார்த்தேன். 

பிரான்வின் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "ரெண்டு பேரும் ஏன் தரையில கிடக்கறீங்க?"

"விருந்தாளி வந்திருக்கு," என்றேன். "விரட்டக் கூடாது. அதுவா போற வரைக்கும் காத்திருக்கணும். நேரமாகும் மாப்ளே."

"ஆகட்டுமே," என்றான் எட்மண்ட், பென்குயினிலிருந்து கண்ணை எடுக்காமல். "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? வேலைக்கு வர்றேன்னு நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிடறேன். நாங்க இங்கதான் இருக்கப்போறோம்."

பிரான்வின் என்னைப் பார்த்தாள். கண்ணில் மண் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"அப்போ முதல்ல காதைக் கழுவு மாப்ளே," என்றேன். "உள்ளூர்க்காரனுக்கு அந்த மருந்து வேண்டாம்."