ஆறாம் பாத்தி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பதினோரு பெண்கள் ரப்பர்ப் பால் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கெழுதும் கிராணி கத்திப் பார்த்தார், வேலை வாங்கும் மண்டோர் கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம், ஒருத்தி அசைந்தால்தானே! ஒவ்வொருத்தி மடியிலும் சுருண்டு கருகிய மரவள்ளித் தழை ஒரு கட்டு இருந்தது. கம்பிவேலிக்கு வெளியே போலீஸ் லாரி ஒன்று வந்து நின்றது. வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டு ஐந்தாவது வருஷம். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அள்ளிக்கொண்டு போய் விசாரணையில்லாமல் அடைத்துவிடலாம்.

தோட்டத்துத் தொரையின் பக்கத்தில் எட்மண்ட் நின்றான். அந்தத் தழையைக் கருக்கிய மகாராசன் அவன்தான். இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சிங்கப்பூரில் ரசாயனம் படித்து, ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டியவன். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகள் நட்டுத் தின்னும் மரவள்ளியை விமானத்திலிருந்து மருந்தடித்துக் கருக்க வேண்டும், எவ்வளவு மருந்து போதும் என்று பட்டாளம் கேட்டது. காட்டுக் குடிகளும் அதைத்தானே தின்கிறார்கள் என்ற கேள்வி அவன் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. சோதனைக்குப் பாத்தி வேண்டுமென்றபோது, வேலிக்கு வெளியே லயத்துப் பெண்கள் போட்டிருந்த தோட்டத்தைக் கைநீட்டிக் காட்டியதும் அவனேதான். வேலிக்கு வெளியே விளைவது காட்டிலிருப்பவர்களுக்குப் போகும் என்று எப்படியும் அதை அழிக்கச் சொல்லி உத்தரவு வரப்போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆறு பாத்தி, ஆறு அளவு. ஐந்து பாத்திகள் இரண்டு பேருக்கு ஒன்று; மருந்து அதிகமாக விழுந்த ஆறாம் பாத்தி, முன்னால் உட்கார்ந்திருந்த மயிலம்மாளுடையது.

"மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று நீயே சொல்லிவிடு, இல்லையென்றால் லாரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று தொரை இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

மயிலம்மாள் வாளியைவிட்டு எழுந்திருக்காமலே பேசினாள். "தொரை சொன்னா நாங்க நம்ப மாட்டோம் லா. எட்மண்டு சொல்லட்டும், சூசையம்மா புள்ள. எல போனாப் போவட்டும். உள்ள கெழங்கு முழுசா கெடக்கு. அரிசிய அளந்துதான் குடுக்கிறீங்க, புள்ளைங்களுக்கு வேற என்னா இருக்கு? கெழங்கத் திங்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

ஜப்பான்காரன் காலத்தில் அவன் அப்பா சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாதபோது, அவனுக்கும் அம்மாவுக்கும் கிழங்கு அவித்துப் போட்டவள் இவள்.

ஆறாம் பாத்தி எத்தனை நாளில் கருகும் என்பது அவனுக்குத் தெரியும். மருந்து கிழங்குக்குள் இறங்குமா, தின்றவரை என்ன செய்யும்? தெரியாது. அதைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. 'தெரியாது' என்பதுதான் பதில். அதைச் சொன்னால் இவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். லாரியை நினைத்துத்தான் பயந்தேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பொய். முதலில் நினைவுக்கு வந்தது ஆராய்ச்சி நிலையத்தில் அவனுடைய நாற்காலி.

"ஒண்ணும் ஆவாது அத்தை. திங்கலாம்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாவாம்?" என்று மயிலம்மாள் சிரித்தே விட்டாள். வாளிகள் நிமிர்ந்தன.

பொழுது சாயும் நேரத்தில், தோட்டத்தில் தனக்கு ஒதுக்கிய அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவனின் வாசலுக்கு அவளே வந்தாள். கையில் பீங்கான் மங்கு நிறைய அவித்த மரவள்ளி. "ஓம் பேச்ச நம்பித்தான் புடுங்கினோம். ஆறாவது பாத்திதான், மாவா வெந்திருக்கு. சுடச் சுடத் தின்னுய்யா. எம் மவ பஞ்சாலை பசியில கத்துது, நான் வாரேன்."

தேங்காய்ப்பூ தூவி, ஓரத்தில் மிளகாய்ச் சம்பல் வைத்திருந்தாள். எட்மண்ட் ஒரு துண்டை எடுத்தான். வாய்வரை கொண்டுபோனான். கை அதற்குமேல் போகவில்லை. அட பாவி, உன் வாய்க்கு ஆகாததா அந்தப் பிள்ளைகளுக்கு? மங்கோடு எழுந்து ஓடினான்.

மயிலம்மாள் வீட்டில் நாலு வயசுப் பஞ்சாலை கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள்.

"திங்காதீங்க அத்தை! காலையில சொன்னது பொய். எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

மயிலம்மாள் அவனைப் பார்க்கவில்லை, அவன் கையிலிருந்த தொடாத மங்கைப் பார்த்தாள். பிறகு மகளின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டு, மென்றதையெல்லாம் வழித்து வெளியே எடுத்தாள். பிள்ளை வீரிட்டது.

"இத அங்கயே சொல்லிருந்தா லாரியில ஏறியிருப்போம். அவ்ளோதானடா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. நின்றான்.

"நிக்காத. இன்னும் பத்து வீடு இருக்கு. நீயே போய்ச் சொல்லு."

மங்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அடுத்த வீட்டுக்கு நடந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ பிள்ளையைத் தாலாட்டும் சத்தம் கேட்டது. வாசற்படியோரம் மூன்று மங்குகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.